யாருக்கு எல்லை இல்லை?

ஐரோப்பாவில் தனியாக ரயிலேறி ஊர் சுற்றும் இளைஞர்களின் காணொளிகள் நம் கைப்பேசியில் வந்து குவிகின்றன. ஒரே பாஸ்தான், இன்று பாரிஸ், நாளை பெர்லின். "எல்லையே இல்லாத கண்டம்" என்று உருகுகிறார்கள். 1972இல் 21 வயதுக்குட்பட்டவர்களுக்காகத் தொடங்கிய இன்டர்ரெயில் பாஸ் நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு எல்லை இல்லை?

2010 டிசம்பரில் ஜெர்மனியில் காசலிலிருந்து பிராங்பர்ட்டுக்கு ரயிலில் போன கறுப்பின மாணவர் ஒருவரிடம் போலீஸ் அடையாள அட்டை கேட்டது. இரண்டும் உள்நாட்டு ஊர்கள். அவரும் ஜெர்மன் குடிமகன். தோல் நிறத்தைப் பார்த்துத்தான் அணுகியதாகப் போலீஸ்காரரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அப்படியும் கோப்ளென்ஸ் நிர்வாக நீதிமன்றம் அதில் தவறில்லை என்றது! 2012 அக்டோபரில், மேல்முறையீட்டில்தான், அது அரசியல் சட்டத்தின் பாகுபாட்டுத் தடையை மீறிய செயல் என்று ஆனது. போலீஸ் தரப்பு மன்னிப்புக் கேட்டது.

"அதுதான் நீதிமன்றம் சரிசெய்துவிட்டதே" என்பார்கள். வழக்காடி இரண்டு வருடம் காத்திருந்து பெறுவதற்குப் பெயர் பயணச் சுதந்திரமா? ஊர்ப் பெயரைச் சொன்னதும் "எந்தத் தெரு?" என்று கேட்கும் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ரயில் பெட்டி எங்களுக்கு அந்நியமல்ல.

2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. போலீஸ் பெட்டிக்குள் ஏறினால் எந்த இருக்கையருகே நிற்கிறது? அடுத்த காணொளியில் ஜன்னலை விட்டுவிட்டு அதைப் படம் பிடியுங்கள், தோழர்களே.