சிசேரியனுக்கு முன்னாடி ‘வாயைத் திறங்கம்மா’... மயக்க டாக்டர் எதைப் பார்க்கிறார்?

பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் போடும் ஒரு ஊசியோடு முடிந்துவிடும். தாய் விழித்தே இருப்பார். ஆனால் கடும் ரத்தப்போக்கு, வலிப்பு என்று வந்துவிட்டால் முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டியிருக்கும்.

சிக்கலே இங்கேதான். கர்ப்பத்தில் தொண்டைச் சவ்வு வீங்கியிருக்கும். ரத்தக்கொதிப்பு இருந்தால் இன்னும் அதிகம். வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பு குறைவு, செலவோ அதிகம். மூச்சு நின்றதும் அளவு மளமளவென இறங்கும். பிரசவத்துக்காக முழு மயக்கம் கொடுக்கப்படுபவர்களில் சுமார் 390 பேருக்கு ஒருவருக்கு டியூப் போட முடியாமல் போகிறது என்கிறது 2015-ல் வெளியான ஓர் ஆய்வு.

டியூப் இறங்கலைன்னா? அகில இந்திய டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் 2016-ல் வழிமுறை வகுத்தது. மூக்கு வழியா ஆக்சிஜன் ஓடிக்கிட்டே இருக்கணும். இரண்டு முயற்சியோடு நிறுத்திட்டு, தொண்டைக்குள் உட்காரும் மாஸ்க் கருவிக்கு மாறணும். எதுவுமே கைகொடுக்காவிட்டால் கழுத்தில் துளையிடுவது கடைசி வழி. திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தால் வீக்கமும் ரத்தமும் சேர்ந்து இருக்கிற வழியும் அடைபடும்.

அதனால்தான் வாய் எவ்வளவு திறக்குது, கழுத்து எவ்வளவு சாயுதுன்னு முன்கூட்டியே பார்க்கிறார்கள். கோவில்பட்டி அரசு மாவட்ட தலைமை மருத்துவமனையிலிருந்து நெல்லையோ தூத்துக்குடியோ, 50 கிலோமீட்டருக்கு மேல். ‘தள்ளி விடுறாங்க’ என்ற கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பயணத்தை வலி வருவதற்கு முன்பே முடிவு செய்வது பாதுகாப்பு.

முந்தைய ஆபரேஷனில் மயக்கத்தின்போது சிக்கல் வந்திருந்தால், பல் ஆடினால், மறைக்காமல் சொல்லிடுங்க. ‘தெம்பா இருக்கட்டும்’னு கடைசி நேரத்தில் கொடுக்கிற காபியும் வேண்டாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.