ஓடியவன் உட்கார வேண்டுமா?

மலைப்பாதையில் ஓடிக் காலைச் சுளுக்கிக்கொண்டவனிடம் நம்மவர் சொல்லும் முதல் வார்த்தை 'இனிப் போதும்' என்பதாகும். இரண்டாவது, 'வயதைப் பார்க்க வேண்டாமா?' மூன்றாவது வார்த்தை வருவதற்குள் ஒரு கதிரை வந்துவிடும். அந்தக் கதிரைக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

கல்லும் வேருமாகக் கிடக்கும் ஒற்றையடித் தடங்களில் ஓடுவதை ஆங்கிலத்தில் 'டிரெயில் ரன்னிங்' என்கிறார்கள். நாம் மலையோட்டம் என்று வைத்துக்கொள்வோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்குப் படித்த காலத்தில் ஹந்தானை எங்களுக்குக் காதலர்களின் மலை. இன்று விடியற்காலையில் அங்கு போனால் கண்ணைப் பறிக்கும் நிறத்துச் சப்பாத்துகளோடு இளைஞர்கள் ஓடுவதைக் காணலாம். அவர்களோடு சில ஆண்டுகள் நானும் ஓடினேன். மழை விட்ட ஒரு காலையில் மானாப்புல் சரிவில் இறங்கும்போது வலது கணுக்கால் மடிந்தது. முழங்காலும் சேர்ந்து திருகிக்கொண்டது. நிற்க. விழுந்த கதை இங்கு முக்கியமன்று. விழுந்த பின் கேட்க நேர்ந்த உபதேசங்களே முக்கியம்.

வைத்தியர் ஒருவர், எலும்பு முறியவில்லை என்று சொன்ன அதே மூச்சில், மூன்று மாதம் நடக்கவே வேண்டாம் என்றார். "ஐம்பதைத் தாண்டியவருக்கு இதெல்லாம் ஏன் ஐயா?" என்றும் கேட்டார். எலும்பு முறியாத காலுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை! குற்றம், வயது.

இந்தத் தீர்ப்புக்கு மருத்துவ நூல் ஆதாரம் உண்டா? ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கு கட்டளைகளை 1978 ஆம் ஆண்டில் உலகுக்குத் தந்தவர் அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கின். விளையாட்டுக் காயம் என்றாலே உலகெங்கும் அதுவே வேதமாயிற்று. அந்த மிர்க்கினே 2014 இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதிவிட்டார். வேதத்தை அருளியவர் திருத்திய பின்னும் நமது ஊரில் பழைய பிரதியே ஓதப்படுகிறது. கிழிந்த தசைநார் புதிதாக வளரும்போது அதன் இழைகள் ஒழுங்காக அமைவதற்கு அளவான பாரம் வேண்டும். பாரமே படாத காலில் தசை சில வாரங்களிலேயே மெலிந்துபோகும். மெலிந்த காலோடு மூன்று மாதம் கழித்து எழுபவர் மறுபடி விழுவார். அப்போது 'பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே' என்பார்கள்.

காயத்தை அலட்சியம் செய்யச் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலி உயிர் போகிறது, நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். முழங்கால் பூட்டிக்கொண்டாலும், நிற்கையில் நழுவினாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது வைத்தியத்தை அன்று. காயத்தைச் சாட்டாக வைத்து ஒரு மனிதனை அசையாப் பொருளாக்கும் வழக்கத்தை.

இது ஏதோ ஒரு காலின் விவகாரமன்று. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நேர்வன. ஐம்பது வயதில் உட்காரவைக்கப்படுகிறவர் இந்த வரிசையில் போய் நிற்கிறார். பிரித்தானியரான ஜெரி மொரிஸ் 1953 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வை இங்கு நினைவூட்ட வேண்டும். லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு என்று அவர் காட்டினார். நடத்துநர்கள் எவரும் ஓடவில்லை. ஏறி இறங்கினார்கள், அவ்வளவே.

எதிர்ப்புறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ஓட்டக்காரர்கள். "நடையா? அது ஓய்வூதியக்காரர் வேலை அண்ணே" என்று சிரிப்பவர்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது எடையைச் சற்று மிஞ்சுவதோடு சரி. இதயமோ அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. செங்குத்தான மலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் பாருங்கள். சமதரையில் ஓடுகிறவனுக்கு வாங்கும் மூச்சு உங்களுக்கும் வாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது. ஓடியே தீரவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு போலி வாதத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். 'தோட்டத்துப் பெண்களைப் பாருங்கள், மலையேறியே ஆரோக்கியமாக இருக்கிறார்கள்' என்று கொழும்புக் கனவான்கள் சொல்வதுண்டு. முதுகில் கொழுந்துப் பாரத்தோடு, நிறுவைக்குப் பயந்து சரிவில் ஏறி இறங்குவது உடற்பயிற்சி அன்று, கூலி உழைப்பு. அந்த முழங்கால்கள் தேய்வதைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவதொரு லயத்து வாசலில் அரை மணி நேரம் இருந்தால் போதும். நான் சொல்வது விரும்பி நடக்கும் நடையை. அதற்கும் நம்மிடம் மரபு இருக்கிறது. சிவனொளிபாத மலைக்குப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும் பாட்டிமாரிடம் யாரும் வயதைக் கேட்பதில்லை. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் பாதயாத்திரை போகிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம். பக்திக்கு என்றால் நடக்கலாம், உடம்புக்கு என்றால் நடக்கக்கூடாதா?

காயம்பட்ட கால் மெல்லத் தேறி எழுவதற்கு இந்நாட்டில் கண்டியைப்போல வாய்த்த ஊர் வேறில்லை என்பது இந்தச் சிறியேனின் துணிபு. முதலில் வாவிக்கரை. 1807 இல் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவி. சுற்றி வந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்றமே இல்லை. தொடக்கத்தில் அதில் கால் பங்கை நடந்து கல்லில் உட்கார்ந்து எழுந்தேன். பிறகு பேராதனைப் பூங்கா, மெத்தென்ற தரை. அதன்பின் தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகலே வனம்: ஆங்கில ஆளுநர்களின் மனைவியர் பெயரைத் தாங்கிய, ஏற்றமும் இறக்கமும் அளந்து வைத்தாற்போன்ற நிழல் வழிகள். மழைக்காலத்தில் அட்டை உண்டு. சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். இவற்றைக் கடந்த பிறகுதான் ஹந்தானை, அதுவும் கைத்தடியோடு. ஏறுவதல்ல, இறங்குவதே முழங்காலைச் சோதிக்கும். தடி அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றிவிடும்.

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்து கலஹாவுக்குப் போகும் வழி 'பீக்கோ டிரெயில்' என்ற நெடும்பாதையின் முதற்கட்டமாகும். 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். கலஹாவுக்கு அடுத்த கட்டம், ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவுக்குப் போகிறது. எம் மக்கள் வெட்டிய தோட்டப் பாதைகள்தாம் இவை. வெளிநாட்டார் விமானமேறி வந்து நடக்கிறார்கள். கண்டியில் பிறந்தவர் முச்சக்கர வண்டியில் சந்தைக்குப் போகிறார். டொரொன்டோவில் பனிக்காலத்தில் வணிக வளாகத்துக்குள் சுற்றிச்சுற்றி நடக்கும் நம் உறவுகள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்த மாவட்டத்தில் பல சரிவுகளைப் பெயர்த்துப் பல உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே மலைக்குப் போகுமுன் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதும், தோட்டத்து மக்களிடம் வழி கேட்பதும் கட்டாயம்.

இனி மாநகர சபைக்கு. நொண்டும் காலோடு ஒருவர் வீட்டிலிருந்து வாவிக்கரைக்கு வந்து சேர்வதே சாகசமாக இருக்கிறது. நடைபாதையில் கடை, கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள், அதைத் தாண்டினால் மூடியில்லாக் கான். வாவியைச் சுற்றும் வீதியிலோ பஸ்கள் கக்கும் புகை, மலைகள் நாற்புறமும் சூழ்ந்த கிண்ணத்துக்குள் கலையாமல் நிற்கிறது. கோடிகள் கொட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அந்த வீதியை வாகனங்களுக்கு மூடுங்கள். முடியாது என்று சொல்லாதீர்கள். ஆண்டுதோறும் எசல பெரஹராவுக்காக இரவு இரவாக வீதிகளை மூடும் நகரம் இது.