நடையும் நெஞ்சும்

பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள், தம் நந்தவனத்து மலர்களைக் கொண்டு காஞ்சிக்கு நடந்தே செல்வார் என்பர். இன்று அவ்வூரார் பலர் கடைத்தெருவிற்கும் ஊர்தியிலேயே செல்கின்றனர். நடை குன்றின், நெஞ்சிற்குக் குருதி செலுத்தும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு நேரும் வாய்ப்பு மிகும். காஞ்சி வரை எவரும் நடக்கவேண்டுவதில்லை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நன்று என்கின்றது உலக நலவாழ்வு நிறுவனம். 2023-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை வகுத்தது. அஃது ஒன்றே அமையாது. ஊர்திகள் நெருங்கும் நெடுஞ்சாலையோரத்தில் முதியோர் எங்ஙனம் அஞ்சாது நடப்பர்? மருத்துவமனை எழுப்புவோர் அவரவர் ஊரிலேயே நிழல் தரும் பாதையும் அமைத்தல் வேண்டும். ஏரிக்கரைகள் அதற்கு ஏற்ற இடங்களாம்.