மாண்ட தலைவன் திரும்பி வந்தபோது



பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் இராட்சத இயந்திர மனிதர்களின் யுத்தக் கதைகளைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். இரும்போடு இரும்பு மோதும் இரைச்சலைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். வேறு சிலர் அது சத்துருவின் கண்ணி என்று சொல்லி உடனே அணைத்துவிடுகிறார்கள். இரு சாராருமே பெரும்பாலும் கதையைப் பார்த்ததில்லை. பிள்ளையோ பார்த்திருக்கிறது; பார்த்ததைக் குறித்து அதற்குக் கேள்விகளும் இருக்கின்றன.

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-ல் தன் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றை விற்பதற்கென்றே ஒரு தொலைக்காட்சித் தொடரும் பிறந்தது. அதில் நல்லவர்களாகிய ஆட்டோபாட்டுகளின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம். பெரிய லாரியாக உருமாறுகிறவன்; வலியவன், ஆனாலும் சாந்தமுள்ளவன். 1986 ஆகஸ்டில் வெளிவந்த திரைப்படத்தில், பகைவனாகிய மெகாட்ரானோடு போரிட்டு அவன் மரித்துப்போகிறான். கடைகளுக்குப் புதிய பொம்மைகள் வரவேண்டியிருந்தன. பழைய தலைவன் வழிவிட வேண்டியதாயிற்று. திரையரங்குகளில் சிறுவர்கள் அழுதார்கள். அதே நிறுவனத்தின் 'ஜி.ஐ. ஜோ' படத்தில் டியூக் என்னும் வீரன் மரிப்பதாக இருந்த கதை, இந்த அழுகைக்குப் பின்பு, அவன் நினைவிழந்து கிடப்பதாக மாற்றப்பட்டது. வியாபாரக் கணக்கில் சிறுபிள்ளையின் அன்பு எழுதப்படாமல் போயிற்று என்றே சொல்லவேண்டும்.

நான் சொல்லவந்தது அதன்பின் நடந்ததைப் பற்றி. 1986 அக்டோபரில் ஒளிபரப்பான 'டார்க் அவேக்கனிங்' என்னும் பகுதியில், பகைவரால் துரத்தப்படும் ஆட்டோபாட்டுகள் விண்வெளியில் மிதக்கும் ஒரு கல்லறைக் கப்பலில் ஒளிந்துகொள்கிறார்கள். தங்கள் மாண்ட வீரர்களை அவர்கள் அடக்கம்பண்ணியிருந்த கப்பல் அது. அங்கே ஆப்டிமஸ் உயிரோடு நிற்கிறான்! அதே உருவம், அதே குரல். கண்டவர்கள் களிகூருகிறார்கள். அவனை எழுப்பியவர்களோ குவின்டெசன்கள் என்னும் தந்திரக்காரர். பிணத்தைச் சீர்படுத்தி, தங்கள் சித்தத்தை அதற்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தலைமையின் அடையாளமாகிய மேட்ரிக்ஸ் அவன் கைக்கு மாறுகிறது. தன் ஜனத்தின் கப்பற்படையையே அவன் சத்துருவின் பொறிக்குள் நடத்திச் செல்கிறான்.

ஏன் நம்பினார்கள்? அவனுக்குப்பின் தலைவனாகிய ரோடிமஸ் பிரைம் இளையவன். தான் குறுக்கே போனதாலேயே பெரியவர் மாண்டார் என்ற குற்ற உணர்வு அவனுக்குள் இருந்தது. பாரத்தை இறக்கிவைக்க ஏங்கினான். மற்றவர்களும் பழைய குரலுக்காக ஏங்கினார்கள். ஏங்குகிறவன் எளிதில் ஆராய்வதில்லை.

இதை நாம் சிறுவர் கதை என்று தள்ளிவிட முடியுமா? ஊரைவிட்டுப் பிழைப்புக்காக இந்தப் பெருநகரங்களுக்கு வந்தவர்கள் நாம். நமக்கு ஞானஸ்நானம் கொடுத்த வயதான போதகர் தொலைவில் இருக்கிறார், அல்லது நித்திரையடைந்துவிட்டார். அவருடைய நடை, அவருடைய தொனி, நம் ஊர்த் தமிழ் ஆகியவற்றோடு ஒருவர் இங்கே மேடையேறினால் நம் கண்கள் கலங்குகின்றன. காணிக்கையும் அப்படியே போய்விடுகிறது, சில வேளை பிள்ளையின் கல்லூரிப் பணமும். அடையாளமும் அற்புதமும் நடந்ததே என்கிறோம். உபாகமம் 13-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். அங்கே சொல்லப்பட்ட தீர்க்கதரிசியின் அடையாளம் பொய்த்துப்போகவில்லை, நிறைவேறுகிறது! ஆனாலும் அவனுக்குச் செவிகொடாதிருக்கும்படி மோசே கட்டளையிடுகிறார். அவன் ஜனத்தை எந்தத் தெய்வத்தினிடத்திற்கு அழைத்துக்கொண்டு போகிறான் என்பதே அங்கே அளவுகோல். ஆவிக்குரிய வரங்களை வாஞ்சிக்கிற நம்மைப்போன்ற சபையார் இந்த அதிகாரத்தை அடிக்கடி பிரசங்கிப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஆப்டிமஸின் கதை அந்தப் பொறியோடு முடியவில்லை. ரோடிமஸ் அவனை நேருக்கு நேர் எதிர்க்கிறான். அந்தப் போராட்டத்தினூடே உள்ளே புதைந்திருந்த பழைய ஆப்டிமஸ் விழித்துக்கொள்கிறான். மேட்ரிக்ஸைத் திரும்பக் கொடுத்துவிட்டு, தன் தோழர்கள் தப்பும்படி, சத்துருவின் பொறிக்குள் தான் மட்டும் கப்பலைச் செலுத்தி இரண்டாம்முறை மாள்கிறான். இந்த இடத்தில் உங்கள் பிள்ளைக்கு நியாயாதிபதிகள் 16-ஐச் சொல்லுங்கள். கண்கள் பிடுங்கப்பட்ட சிம்சோனைப் பெலிஸ்தர் தங்கள் வேடிக்கைக்காக நிறுத்தினார்கள். தேவனுடைய நசரேயன் சத்துருவின் வீட்டில் விளையாட்டுப் பொருளானான். அவர்கள் கவனியாமல் விட்டது, வளரத் தொடங்கியிருந்த அவனுடைய தலைமயிர். பிற்பாடு அவன் சகோதரர் வந்து, அவனை எடுத்துக்கொண்டுபோய், அவன் தகப்பனுடைய கல்லறையிலே அடக்கம்பண்ணினார்கள்; விழுந்துபோனவன் என்று அங்கேயே விட்டுவிடவில்லை.

"நல்லவர்கள் கெட்டவர்களாக மாறுவார்களா?" என்று பிள்ளை கேட்கும். தன் சபையில் ஒரு மூப்பர் விழுந்ததைக் கண்ட பிள்ளையானால் நிச்சயம் கேட்கும். அப்போது பேச்சை மாற்றாதிருங்கள். பக்கத்தில் அமர்ந்து, "அவன் தங்கள் பழைய தலைவனாய் இல்லை என்று தோழர்கள் எதைக்கொண்டு கண்டுபிடித்திருக்கலாம்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். குரலா, முகமா, அவன் கேட்ட காரியமா, அவன் போன திசையா என்று பிள்ளை யோசிக்கட்டும். பத்து வயதில் இப்படி யோசித்துப் பழகுவது நல்லது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உங்களை மடக்கவும் கூடும். 1987 பிப்ரவரியில் இரண்டு பகுதிகளாக ஆப்டிமஸ் மறுபடியும் எழுப்பப்பட்டான். அப்போது அவனை முழுமையாகச் சரிப்படுத்தியவனும் ஒரு குவின்டெசனே! "சத்துரு எழுப்பியும் இந்த முறை நல்லவனாகத்தானே இருந்தான்?" என்று கேட்டால் தடுமாறவேண்டாம். அந்நேரம் பகை என்னும் ஒரு கொள்ளைநோய் எங்கும் பரவியிருந்தது. பிடிக்கப்பட்டவர்கள் தங்கள் நண்பர்களையே அடித்து நொறுக்கினார்கள். எழுந்த ஆப்டிமஸ் என்ன செய்தான் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அவன் மேட்ரிக்ஸைத் திறந்தான். நோயுற்றவர்கள், சிநேகிதரும் பகைவரும், எல்லாரும் குணமானார்கள்.