மலை ஓடிப் போகாது

கண்டி நகரில் வாழ்வோர் மலையேற நெடுந்தூரம் பயணஞ் செய்ய வேண்டியதில்லை. ஏழு சிகரங்களுடன் நீண்டு கிடக்கும் ஹந்தானை, வீட்டு வாயிலிலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றது. அதன் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம்; சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள். 2010ஆம் ஆண்டில் இம்மலைப் பிரதேசம் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அண்மையில் இருப்பதாலேயே அதனை நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை விடுமுறையில், மாணவர் சிலருடன் நாமும் அவ்வாறே எண்ணினோம். உணவருந்திப் புறப்பட்டுத் தேயிலைச் சரிவைக் கடக்கையில் மணி இரண்டாயிற்று. விறகுக் கட்டுடன் இறங்கி வந்த மூதாட்டி ஒருவர், “இந்த நேரத்துக்கா ஐயா மேல போறீங்க? மலை எங்கயும் ஓடிப் போகாது. வெள்ளன வாங்க” என்றார். நாம் புன்னகைத்து மேலே நடந்தோம்.

ஒரு மணி நேரங் கழியுமுன் மூடுபனி சிகரத்தை விழுங்கிற்று. ஆளுயர மானாப் புல்லிடையே ஒற்றையடிப் பாதை மறைந்தது. இடி முழங்கிற்று. மாணவரை எண்ணினோம், ஒருவர் குறைந்தார். பெயர் சொல்லிக் கூவி அவரைக் கண்டுபிடிக்கச் சென்ற இருபது நிமிடமே, எமது ஆசிரியத் தொழிலில் நாம் கண்ட மிக நீண்ட பாடவேளை.

இது தற்செயலன்று. காலை வெயிலிற் சூடேறிய ஈரக்காற்று சரிவு வழியே மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகின்றது. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை இங்கு வழக்கம். புல்வெளி முகட்டில் மின்னலுக்கு உயர்ந்து நிற்பவன் மனிதனே. 2024 பெப்ரவரியில், இம்மலையில் சீரற்ற வானிலையிற் சிக்கிய நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழக மாணவரை மீட்க இராணுவத்தினர் செல்ல நேர்ந்தது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, விடியலிற் புறப்படுங்கள், நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறுங்கள். ஊதுகுழல் ஒன்றும், அட்டைக்கு உப்பும் உடனிருக்கட்டும். பாதை மறைந்தால் பிரியாது ஓரிடத்தில் நில்லுங்கள். சிறு பிள்ளைகளுள்ள குடும்பத்தினர்க்குத் தலதா மாளிகைக்குப் பின்னேயுள்ள உடவத்தகலை வனமே போதும். 1938 முதல் அது சரணாலயம்.

பின்னொரு நாள் அதே மாணவருடன் விடியலிற் சென்றோம். தெளிந்த வானின் கீழ்க் கண்டி நகர் முழுதும் தெரிந்தது. மூதாட்டி சொன்னவாறே, மலை அங்கேயே இருந்தது.