கண்ணாடி உலோகத்துக்கும் வயசாகும் சாமி!

"உலோகக் கண்ணாடிக்கு அழிவே கிடையாது"ன்னு இன்னொரு ஃபார்வர்ட். நாலு வருஷம் மெட்டலர்ஜி படிச்சுட்டு இப்ப ஆணி புடுங்குறவன்தான் நான். ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது.

1960ல கால்டெக்கில் போல் டுவேஸ் குழு தங்கத்தையும் சிலிக்கனையும் உருக்கி, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி கணக்கில் குளிரவைத்துத்தான் முதல் உலோகக் கண்ணாடியைச் செய்தது. அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமே கொடுக்கலை. அது அறை வெப்பத்திலேயே தாக்குப்பிடிக்காமல் மாறிப்போனது. இதுவா அழியாதது?

1990களில் வந்த ஜிர்கோனியக் கலவைகள் சட்டுனு படிகமாகாது, ஒத்துக்கறேன். ஆனா படிகமாகலைன்னா வயசாகலைன்னு அர்த்தமில்லை அய்யா! சூடு பட்டால் அணுக்கள் மெல்ல நெருங்கி உட்காரும், காலி இடம் குறையும். முண்டியடிச்சு ஏறின பஸ் கூட்டம் குலுங்கிக் குலுங்கி செட் ஆகுற மாதிரி. அடர்த்தி கூடும், கூடவே நொறுங்கும் குணமும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டில், வைவாவுக்கு முந்தின நாள், நான் சூடேத்தின நாடா என் விரல்லயே பட்டுனு உடைஞ்சுது. அதுக்கு முந்தின வாரம் அதே நாடாவை மடக்கி விளையாடியிருக்கேன்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற இரும்பு நாடாவை வேணும்னே சூடாக்குறாங்க. காந்த இழப்பு குறையும், நாடா அப்பளமாகும். தெரிஞ்சே செய்யிற பேரம்.

"அப்ப இது வேஸ்ட்டு"ன்னு அடுத்த கோஷ்டி கிளம்பும். கொஞ்சம் பொறுங்க. 2015ல ஒரு குழு திரவ நைட்ரஜனில் முக்கி, மறுபடி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, இப்படி மாத்தி மாத்திச் செஞ்சு இளமையைக் கொஞ்சம் மீட்டுக் காட்டுச்சு.

வலிமை எண்ணை மட்டும் நீட்டுறவன்கிட்ட, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் வச்சப்புறம் அளந்ததுன்னு கேளுங்க. முழிச்சான்னா, அதை நம்பி ஸ்பிரிங் டிசைன் பண்ணாதீங்க.