‘கூலி அதிகம்’ என்றால் போதாது... பில்லைப் பிரித்துக் கேட்க வேண்டும்!

பெரம்பலூர் மாவட்டம், வாலிகண்டபுரத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவர், தன் டிராக்டரின் கிளட்ச் பழுதானதால் டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறார். ‘பிளேட் மாற்றி எல்லாம் சேர்த்து 12,000 ஆகும்’ என்று அங்கிருந்த சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பியிருக்கிறார். நான்கு நாள் கழித்துப் போனபோது 21,872 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. உதிரி பாகம் வரியோடு 9,600 ரூபாய். மீதி முழுக்கக் கூலியும் அதற்கான வரியும். ‘கம்பெனி ரேட் அதுதான்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மக்காச்சோள விதைப்புக்கு ஈரம் காத்திருக்காதே என்று பணத்தைக் கட்டி டிராக்டரை எடுத்து வந்துவிட்டார். ‘கட்டிய பணத்தில் ஏதாவது திரும்ப வருமா, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்’ என்பது அவரது கேள்வி.

வரும். ஆனால், ‘கூலி அதிகம்’ என்ற ஒற்றை வரியோடு போனால் வராது. எந்த வரியில், எவ்வளவு, ஏன் அதிகம் என்று பிரித்துக் காட்டினால்தான் வரும்.

கூலி எப்படிக் கணக்காகிறது?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று கடிகாரம் பார்த்துக் கூலி போடுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று தயாரிப்பு நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்த நேரத்தை, ஒரு மணி நேரக் கூலியால் பெருக்கினால் வருவதுதான் பில்லில் இருக்கும் தொகை. பட்டியலில் 6 மணி நேரம் என்று இருக்கும் வேலையை 4 மணி நேரத்தில் முடித்தாலும் 6 மணி நேரக் கூலிதான். இதில் தவறில்லை, 8 மணி நேரம் இழுத்தாலும் அதே 6 மணி நேரத்துக்குத்தான் வாங்க வேண்டும். அதனால், ‘அரை நாளில் முடிந்த வேலைக்கு இவ்வளவா?’ என்ற வாதம் அங்கே எடுபடாது. ‘இந்த வேலைக்குப் பட்டியலில் எத்தனை மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி?’ என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரே பிரிப்புக்கு இரண்டு கூலி

வாசகரின் பில்லில் நான்கு கூலி வரிகள் இருக்கின்றன. டிராக்டரைப் பிரித்து கிளட்ச் மாற்ற 4,500 ரூபாய். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் மாற்ற 3,800 ரூபாய். ரிலீஸ் பேரிங் மாற்ற 1,200 ரூபாய். பொது செக்-அப், வாட்டர் வாஷ் 900 ரூபாய். மொத்தம் 10,400 ரூபாய். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி 1,872 ரூபாய்.

கிளட்ச் வேலையில் பெரும்பாடு, டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்து மறுபடியும் சேர்ப்பதுதான். பிரித்துவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் கைக்கு எட்டிவிடும். ரிலீஸ் பேரிங்கைக் கழற்றி மாட்டுவது அந்த வேலையோடு சேர்ந்தது. தனிக் கூலிக்கு இடமில்லை. ஆயில் சீலுக்கு ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு சிறு கூலி நியாயம். ஆனால், 3,800 ரூபாய் என்பது சீலுக்காகவே தனியாக ஒரு முறை டிராக்டரைப் பிரித்தால் வாங்கும் கூலி. பிரித்தது ஒரு முறை, கூலி இரண்டு முறை. நான்காவது வரி, வாசகர் கேட்காத வேலை.

அந்த மூன்று வரிகளையும் கூட்டினால் 5,900 ரூபாய். வரி 1,062 ரூபாய். ஆக, 6,962 ரூபாய் கேள்விக்குரியது. அதில் சீலுக்கான நியாயமான கூலியைக் கழித்துக்கொள்ளலாம். ஆயில் கசிவை அப்படியே விட்டிருந்தால் புது பிளேட்டும் எண்ணெய் பட்டு வழுக்கியிருக்கும். எனவே, சீல் மாற்றியதே தவறு என்று வாதாடுவது வாசகரின் பக்கத்தைப் பலவீனமாக்கும். கேட்காமல் மாற்றியதும், இரட்டைக் கூலி போட்டதும்தான் தவறு.

உதிரி பாகங்களையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதன் மேல் ஜி.எஸ்.டி-யைத் தனியாகச் சேர்த்திருந்தால் அது கூடுதல் வசூல். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும், டிராக்டரின் குறிப்பிட்ட பல உதிரி பாகங்களுக்கும் வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழுது பார்க்கும் கூலிக்கு 18 சதவிகிதம்தான். இரண்டுக்கும் ஒரே வரி போட்டிருந்தால் விளக்கம் கேட்கலாம்.

எப்போது புகாராகும்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, விலை தொடர்பான புகாருக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு. சட்டம் நிர்ணயித்த விலை, பொருளின் மீதோ பாக்கெட்டின் மீதோ போட்ட விலை, கடையில் காட்டி வைத்திருக்கும் விலைப்பட்டியல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டி வாங்கியிருந்தால் புகார் நிற்கும். ‘வெளியில் பாதி விலைக்குச் செய்கிறார்கள்’ என்பது மட்டும் போதாது.

வாசகர் கையில் இருப்பது நான்காவது அளவுகோல். ‘எல்லாம் சேர்த்து 12,000’ என்ற வாட்ஸ்அப் தகவல்தான் அவரது பலம். அதை அழிக்காமல், போனை மாற்றினாலும் போகாதபடி பத்திரப்படுத்த வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்ன தொகையாக இருந்திருந்தால் நிரூபிப்பது கடினம்.

வண்டி அவர்கள் கையில்... என்ன செய்வது?

பணம் கட்டாமல் வண்டியை எடுத்து வர முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 170-ம் பிரிவு, ஒரு பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலவிட்டவர், அதற்குரிய கூலி கிடைக்கும் வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. ஆகவே கேட்டில் நின்று சண்டை போடுவதால் பயனில்லை. உழவு நாள்தான் வீணாகும்.

பணத்தைக் கட்டலாம். ஆனால், கட்டும்போதே பில்லின் இரண்டு பிரதிகளிலும், ‘மதிப்பீட்டில் இல்லாத கூலிக்கு ஆட்சேபம் தெரிவித்து, வண்டியை மீட்பதற்காக மட்டும் பணம் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். எழுத விடாவிட்டால், அங்கிருந்தே அதே வாசகத்தை சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ரொக்கத்தைவிட வங்கி வழியாகவோ யு.பி.ஐ மூலமாகவோ கட்டுவது நல்லது. பில்லே தர மறுத்தால், அதுவே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. வாலிகண்டபுரம் வாசகர் ஆட்சேபம் எழுதாமல் கட்டிவிட்டார். அதனால் உரிமை போய்விடவில்லை. கால தாமதம் செய்யாமல் இப்போதே எழுத வேண்டும்.

படிப்படியாகப் புகார்

முதலில், சர்வீஸ் சென்டர் மேலாளருக்கு ஒரு கடிதம். பில் எண், தேதி, கேள்விக்குரிய மூன்று வரிகள், திரும்பக் கேட்கும் தொகை, 15 நாள் அவகாசம். இவ்வளவு இருந்தால் போதும், கோபம் வேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பலாம். பல பில்கள் இந்தக் கட்டத்திலேயே திருத்தப்பட்டுவிடும்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பேச்சுவார்த்தைக்கு வழி செய்வார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சர்வீஸ் சென்டர் திருச்சியில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும், வாசகர் தான் குடியிருக்கும் பெரம்பலூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி இது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கூடுதலாக வாங்கிய தொகையோடு, அலைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் இழப்பீடு கேட்கலாம்.

எதிர்த்தரப்பாக டீலரை முதலில் சேர்க்க வேண்டும். கோவாவில் வாங்கிய ஒரு கார் தொடர்பான டாட்டா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தவறு தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இதே பொருளில் மேலும் இரண்டு கேள்விகள்

*டிராக்டரை வாடகைக்கும் உழவு ஓட்டுகிறவர் நுகர்வோர் ஆவாரா?*

ஆவார், பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவர் என்றால். கோவை பி.எஸ்.ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995-ல் இதைத் தெளிவாக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்றது. ஆனால், பெரிய அளவில் தொழில் நடத்த இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றும் சொன்னது. ஒரு டிராக்டரை வைத்துத் தன் நிலத்தையும் ஊரார் நிலத்தையும் உழுபவர் பயப்பட வேண்டியதில்லை. பத்து டிராக்டரை ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். குட்டி யானைக்கும் இதே விதிதான்.

*வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரன்ட்டி போய்விடுமா?*

இந்தப் பயம்தான் சர்வீஸ் சென்டர் கூலி உயர ஒரு காரணம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் தடுத்தது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. டிராக்டருக்கு அந்த உத்தரவு நேரடியாகப் பொருந்தாது. வாரன்ட்டி காலம் முடியாத டிராக்டரை வெளியில் பிரிப்பதற்கு முன் வாரன்ட்டி புத்தகத்தைப் படித்துவிடுவதே பாதுகாப்பு. காலம் முடிந்திருந்தால் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வண்டியை விடும்போது...

* ஜாப் கார்டில் செய்ய வேண்டிய வேலை, மதிப்பீட்டுத் தொகை, முடியும் நாள் மூன்றும் எழுதிய பிறகே கையெழுத்து. வெற்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போடவே கூடாது.
* மதிப்பீட்டில் கூலி தனி, உதிரி பாகம் தனி, வரி தனி.
* ‘கூடுதல் வேலை இருந்தால் போனில் கேட்டு, வாட்ஸ்அப்பில் சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும்’ என்று ஜாப் கார்டிலேயே ஒரு வரி எழுத வேண்டும்.
* கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாரன்ட்டியில் மாற்றிய பாகம் நிறுவனத்துக்குப் போய்விடும்.
* ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும் இலவசம். ஆயில், ஃபில்டருக்குப் பணம் உண்டு. வாரன்ட்டியில் செய்யும் வேலைக்குக் கூலியும் கேட்கக் கூடாது.

ஜாப் கார்டின் நகலை வண்டியை விடும் நாளிலேயே வாங்கி, ஆர்.சி புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். வழக்கு என்று வந்தால் ஆணையம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.